நீலக்குதிரை திரும்பி வந்தது

"சரி, ஆனது ஆச்சு. எந்த பட்டனை அமுக்கினே, அதைச் சொல்லு."

"சேவ் பட்டன்தான் அக்கா. அதை அமுக்கச் சொல்லித்தான் பாடத்துலயே போட்டிருக்கு."

"அமுக்கினதும்?"

"எல்லாம் போயிடுச்சு."

நர்ஸக்கா கையுறையைக் கூடக் கழற்றாமல் தலையில் கை வைத்துக்கொண்டாள். ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் பாப்பா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் கூப்பிடுகிற பெயர் அது. எப்படியோ மோப்பம் பிடித்துக்கொண்டு இந்தப் பல் கிளினிக் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. டிகிரி முடித்து, வேலைக்கு வந்து, முன்நெற்றியில் ஒரு வெள்ளை முடியும் வந்தாகிவிட்டது, இன்னும் பாப்பாதான்.

பாப்பா டாக்டருக்குத் தெரியாமல் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் படிக்கிறாள். கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் சண்டை போடாமல் பேசிக்கொள்ள வழி செய்து கொடுக்கிற படிப்பு. சாயங்கால வகுப்பு, வார இறுதி வகுப்பு என்று நாலு இடத்தில் விசாரித்தாள். கிளினிக் நேரத்துக்கு எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில், 'உங்கள் வேகத்தில் நீங்களே படிக்கலாம்' என்று ஆசை காட்டிய ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்தாள்.

"வாத்தியாரே இல்லாத படிப்பா?" என்றாள் அம்மா.

"வீடியோவுல இருக்கார்மா. நம்ம வேகத்துக்கு ஏத்த மாதிரி சொல்லித் தருவார்."

"உன் வேகத்துக்கா? பாவம், அந்த மனுஷன் ரிடையர் ஆயிடுவாரே!"

அம்மா வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராவிட்டாலும், பாப்பா கடைசிப் பாடம் வரை வந்துவிட்டாள். இன்று மதியம் தேர்வு. தேறினால் ஒரு கம்பெனியில் பயிற்சி வேலை. இன்றைய தேர்வுதான் கடைசி வாய்ப்பு. வீட்டில் நெட் நொண்டியடிக்கும். அதனால் மதிய இடைவேளையில் கிளினிக்கிலேயே உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தம்பியின் லேப்டாப்பைப் பையில் போட்டு எடுத்துவந்திருந்தாள். காலையில் டாக்டரே, "மதியம் யாருக்கும் டைம் குடுக்காதேம்மா, எனக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கு" என்று சொன்னபோது, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று குளிர்ந்து போனாள்.

சும்மா இருந்திருக்கலாம். தேர்வுக்கு முன்னால் கை பழகட்டுமே என்று கிளினிக்கின் வைஃபை பெட்டியிலேயே பயிற்சிப் பாடத்தைச் செய்து பார்த்தாள். வைஃபைக்கு 'நீலக்குதிரை' என்று பெயர் வைக்கச் சொல்லியிருந்தது பாடம். வைத்தாள். சேவ் என்றாள். பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்த கிளினிக் மொத்தத்துக்கும் நெட் அறுந்தது.

"பழைய பேரையே வச்சிடு. நானும் பார்க்கலை, நீயும் பண்ணலை" என்றாள் நர்ஸக்கா.

வைத்தாள். நெட் வந்தது. பாப்பாவுக்கு உயிரும் வந்தது.

ஒரு பேஷன்ட் உள்ளே போய் வெளியே வருவதற்குள் மறுபடியும் போச்சு. பதறிப்போய் போனை எடுத்துப் பார்த்தால், வைஃபையின் பெயர் நீலக்குதிரை!

"நீ சரியா மாத்தலை."

"மாத்தினேன்கா, சத்தியமா."

"அப்ப குதிரை தானா நடந்து வந்துச்சா?"

தான் வைத்திருந்த பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தாள். குதிரை அவளை யாரென்றே தெரியாது என்றது. கேபிள் சொருகினால் உள்ளே நுழையலாம் என்று வீடியோ வாத்தியார் சொன்னார். தம்பியின் ஒல்லி லேப்டாப்பில் சொருகுவதற்கு ஓட்டையே இல்லை. "அவசரப்படாதீங்க. நிதானமா, உங்க வேகத்துல பண்ணுங்க" என்று அவர் சிரித்தபோது, திரையில் ஒரு குத்து விடலாம் போலிருந்தது.

கடைசி வழி ஒன்று இருந்தது. பெட்டியின் பின்னால் சின்னத் துளை. அதில் ஊசி விட்டு அமுக்கினால், பெட்டி எல்லாவற்றையும் மறந்து, வாங்கி வந்த அன்று இருந்த மாதிரி ஆகிவிடும். நர்ஸக்கா சொத்தை நோண்டுகிற கொக்கியை எடுத்து நீட்டினாள்.

"வலிக்காம பண்ணு" என்றாள்.

பெட்டி மறந்தது. அதோடு ரிசப்ஷன் கம்ப்யூட்டரும் பெட்டியை மறந்தது. அன்றைக்கு யார் யாருக்கு என்ன வைத்தியம் என்ற விவரம் எல்லாம் ஆன்லைனில் இருந்தது. திரையில் வெறும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே நாற்காலிகள் நிரம்பிவிட்டன.

"அடுத்தது யாருங்க? நீங்களா சார்? உள்ள போங்க, உள்ள போங்க."

கட்டம் போட்ட சட்டைக்காரர் எழுந்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பல் கிளினிக்கில் வாயைத் திறந்தால் என்ன அர்த்தம்? நர்ஸக்கா அப்படியே கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் சாய்த்துவிட்டாள். வெளியே வரும்போது பற்கள் பளிச்சென்று இருந்தன. முகம்தான் இருண்டிருந்தது.

"நான் என் சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்தவன்மா! பல்வலி அவளுக்கு!"

"அதை அப்பவே சொல்லக் கூடாதா சார்?"

"எங்கம்மா சொல்றது? வாய்க்குள்ள குழாயை விட்டாச்சு! அந்த டாக்டராவது கேட்டாரா? பாதி நேரம் கம்ப்யூட்டரைத்தான் பார்த்துக்கிட்டிருக்கார்!"

பாப்பா உள் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். நெட் இல்லாமல் எக்ஸ்ரே வரவில்லை போலிருக்கிறது. அதற்குள் டாக்டரே வெளியே வந்துவிட்டார். நேராகப் பெட்டியிடம் போய், டிஷ்யூவால் அதன் அடியில் துடைத்தார். குனிந்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டை வேறு பார்த்தார்.

"தூசி" என்றார்.

"நான் துடைக்கிறேன் சார்."

"வேண்டாம் வேண்டாம். நெட்டு ஏன் இப்படி வந்து வந்து போகுது? நீ ஏதாவது…"

"ஐயோ, நான் கிட்டக்கூடப் போகலை சார்!"

"சரி சரி. யாரும் கிட்டப் போகாம இருந்தா நல்லது." முகத்தைப் பார்க்காமலேயே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"கண்டுபிடிச்சுட்டார்கா. என் மூஞ்சியைக் கூடப் பார்க்கலை."

நர்ஸக்கா அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். காலையில போன்ல யார்கிட்டயோ பேசிட்டிருந்தார். 'எல்லாம் முடிவு பண்ணியாச்சு, பாப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை'ன்னார்."

பாப்பா பொத்தென்று உட்கார்ந்தாள். பிடுங்குவதே தொழிலாக இருக்கிறவர் வேலையையும் பிடுங்கப் போகிறார். மதியம் யாருக்கும் டைம் கொடுக்க வேண்டாம் என்றது இதற்குத்தான். புது ரிசப்ஷனிஸ்டுக்கு இன்டர்வியூ! அப்படியென்றால் இந்தத் தேர்வு இனி ஆசைக்கு எழுதுகிற தேர்வு இல்லை. கோட்டை விட்டால் நாளைக்கு உட்கார ஒரு மேஜை கூடக் கிடையாது.

"அழுவறதை அப்புறம் வச்சுக்க. பெட்டியைச் சரி பண்ணு" என்றாள் நர்ஸக்கா.

புதிதாய்ப் பிறந்த பெட்டிக்குப் பழைய பெயரை மறுபடியும் சூட்டினாள். நெட் வந்தது. பேஷன்ட்கள் கிளம்பினார்கள். நர்ஸக்கா சாப்பிடப் போனாள். உள் அறைக் கதவு சாத்தியே இருந்தது. பாப்பா லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் தேர்வைக் கண்காணிக்கிற பெண் வந்தாள், ஹெட்போனும் களைத்த முகமுமாக.

"கேமராவைச் சுத்திக் காட்டுங்க மேடம். ம்… அது என்ன அவ்வளவு பெரிசா?"

"பல்லு மேடம். பிளாஸ்டிக்கு."

"பின்னாடி யாரும் ஒளிஞ்சிருக்கலையே?"

"சேச்சே. தனியாத்தான் இருக்கேன்."

"சரி, முதல் கேள்வியை…"

அந்தப் பெண் பாதி திறந்த வாயோடு உறைந்து நின்றாள். நெட் போச்சு. போனைப் பார்த்தாள் பாப்பா. நீலக்குதிரை!

கொக்கியை எடுத்தாள். குத்தினாள். பழைய பெயர். நெட் வந்தது.

"ஸாரி மேடம், லைன் கட்டாயிடுச்சு…"

"பரவாயில்லை, முதல் கேள்வி…"

நீலக்குதிரை.

மறுபடியும் கொக்கி. தப்பான துளையில் குத்தி, சரியான துளையைத் தேடி, கண்ணில் முட்டிய தண்ணீரைத் தோளில் துடைத்து, பெயரைத் தப்பாக அடித்து, அழித்து, திரும்ப அடித்தாள். இந்தப் பெட்டிக்குப் பேய் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் தனக்கு இந்தப் படிப்பு ஒரு எழுத்துக்கூட மண்டையில் ஏறவில்லை. அம்மா சொன்னதுதான் சரி.

நெட் வந்தது. அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தாள்.

"மேடம், ப்ளீஸ், எனக்கு இன்னும் ஒரே ஒரு சான்ஸ் குடுங்க. எவ்வளவு சரி பண்ணினாலும் ஏன் இப்படி ஆகுதுன்னு எனக்கே புரியலை!"

அந்தப் பெண் பக்கத்தில் இருந்த இன்னொரு திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க, உங்க கனெக்ஷன்லேருந்தே வெள்ளை கோட்டு போட்ட டாக்டர் ஒருத்தரும் இதே டெஸ்டை எழுத உக்காந்திருக்கார், நீங்க உள்ள வந்தா அவர் போயிடறார், அவர் வந்தா நீங்க போயிடறீங்க, ரெண்டு பேரும் கொஞ்சம் பேசி, யாரு முதல்ல எழுதறதுன்னு ஒரு முடிவுக்கு வர்றீங்களா?"