துடைத்தும் போகாத சந்தனம்

பூம்பாறை,
23.2.63

சிரஞ்சீவி தம்பி திருமலைச்சாமிக்கு அண்ணன் குழந்தைவேல் ஆசி கூறி எழுதியது. இங்கு உன் மதினி வீரம்மாளும் பிள்ளைகளும் மாடு கன்றும் சுகம். நான் ஒருவன்தான் பாக்கி. பழனியில் நீயும் சுந்தராம்பாளும் பஞ்சாமிர்தக் கடையும் சுகம்தானே.

தைப்பூசத்துக்கு வந்து மொட்டை போட்டு, உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஊருக்கு மலையேறினேனே, தலையில் பூசிய சந்தனம் மறுநாளே உதிர்ந்துவிட்டது. ஆனால் இரண்டு இமையிலும் மூக்கோரமாக ஒட்டியிருந்த மஞ்சள் மட்டும் போகவில்லை. வீரம்மாள் முந்தானையால் துடைத்தாள், பிறகு சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், எனக்குக் கண் எரிந்ததே தவிர அது அசையவில்லை. பக்கத்து வீட்டு இருளாயி எட்டிப் பார்த்து, "ஏ வீரம்மா, அது முருகன் வச்ச சந்தனம்ல? அதைப் போயித் தேய்க்கிறியே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து பூண்டுக் காட்டுக்குப் போகிற வழியெல்லாம் என்னைக் கும்பிடுகிறார்கள். சும்மா கும்பிட்டால் பரவாயில்லை, வெண்ணெயும் நெய்யுமாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். சாமி பேரைச் சொல்லிக் கொடுப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நானும் சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது. போன வாரம் மேட்டில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்தது.

பயந்துபோய் பஸ் ஏறிக் கொடைக்கானலில் வெள்ளைக்கார டாக்டரம்மாவைப் பார்த்தேன். இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் எடுத்து, "இது சந்தனம் இல்லை, கொழுப்பு. ரத்தத்தில் கூடினால் சிலருக்கு இப்படித் தோலில் வந்து நிற்கும். இமையில் இருப்பது ஒன்றும் செய்யாது, இதயத்துக்குப் போகும் குழாயில் இருப்பதுதான் கவலை. சர்க்கரையும் பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு இப்படி இருந்ததா?" என்று கேட்டார். நம் அப்பாவை ஊரே சந்தனக்கண்ணு என்றுதானே கூப்பிட்டது? மண்வெட்டியும் கையுமாகக் காட்டில் சாய்ந்தாரே, கண்பட்டுவிட்டது என்றுதானே அழுதோம். அவர் போன வயசு எனக்கு வருகிற சித்திரையில் வருகிறது. பயமாக இருக்கிறது தம்பி.

நெய், வெண்ணெய், கறி எதையும் தொடக் கூடாதாம். ஊரில் சொன்னால் கேட்டால்தானே. "டாக்டருக்கு என்னங்க தெரியும், சாமி உங்களச் சோதிக்குது" என்று இருளாயி இன்னொரு செம்பு நெய் வைத்துவிட்டுப் போகிறாள். வீட்டில் இருந்தால் என் கை சும்மா இருக்காது. அதனால் எல்லாவற்றையும் ஒரு டின்னில் ஊற்றி, காலை பஸ்ஸில் கண்டக்டர் ஞானவேலிடம் உனக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். என் பங்கையும் சேர்த்து இட்லிக்கு ஊற்றித் தாராளமாகச் சாப்பிடு. குடும்பத்தில் ஒருவனாவது திடமாக இருக்க வேண்டும்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடியின்றி நீண்ட நாள் வாழ நம் ஊர்ச் சாமி குழந்தை வேலப்பர் துணையிருப்பார்.

இப்படிக்கு,
அண்ணன் குழந்தைவேல்

பி.கு.: எழுதியதை வீரம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "ஏங்க, பூசத்தன்னைக்குக் கொழுந்தனாரு இமையிலயும் இப்படித்தான் மஞ்சளாக் கெடந்துச்சு. கடைச் சோலில தொடைக்க மறந்துட்டாருன்னு நெனச்சேன்" என்கிறாள். நானும் பார்த்தேன், நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தக் கடிதம் வருவதற்குள் எவ்வளவு சாப்பிட்டுத் தொலைத்தாயோ. மிச்ச நெய்யைக் கோயில் விளக்குக்குக் கொடுத்துவிடு. சுந்தராம்பாளிடம் ஈரத்துணி கொடுத்து உன் இமையை அழுத்தித் துடைக்கச் சொல். போகாவிட்டால் பதில் எழுதிக்கொண்டிருக்காதே, கடையைப் பூட்டிவிட்டுக் கொடைக்கானலுக்கு வெரசா பஸ் ஏறு. நீ வரும்வரை ஆஸ்பத்திரி வாசலை விட்டு நகர மாட்டேன்.