நாய்களுக்கு மட்டும் ஒரு வெள்ள எச்சரிக்கை

ஒரு மொழி தெரியாதவனால் ஊருக்குக் கெடுதல் இல்லை. பாதி தெரிந்தவன்தான் ஆபத்து. தெரியாதவன் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பான். பாதி தெரிந்தவன் மைக்கைப் பிடிப்பான். நான் மைக்கைப் பிடித்தவன்.

கொழும்பில் ஒரு புடவைக் கடையில் ஐந்து மாதம் மூட்டை தூக்கிவிட்டு, கொட்டகலைப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தேன். விலை சொல்லவும், அந்தக் கலர் இல்லை என்று சொல்லவும் சிங்களம் தெரியும். (வேறு ஏதாவது கேட்டால் சிரிப்பேன்.) இதை நம்பித் தோட்டத்து அனர்த்தக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். ஊர் அதிகாரியான கிராம சேவகர் போனில் சிங்களத்தில் எச்சரிக்கை சொன்னால், நான் அதைக் கோயில் மைக்கில் தமிழில் சொல்ல வேண்டும். எச்சரிக்கை முக்கியமாகப் பணிய லயத்துக்கு. கீழே இருக்கும் அந்த வரிசை வீடுகளுக்கு முன்னால் ஓயா என்கிற சிற்றாறு, பின்னால் மண்மேடு. என் அக்கா இரண்டு பிள்ளைகளோடு அங்கேதான் இருந்தாள்.

சித்திரை வருசம் பிறந்து ஒரு வாரம். காலையில் வெயில் பல்லைக் காட்டும். இரண்டு மணிக்கு இடியோடு கொட்டும். மூன்றாவது நாளும் கொட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கிராம சேவகர் தங்கமான மனிதர், எனக்காக நாலு தமிழ்ச் சொல்லையும் கலந்துதான் பேசுவார். ஓயா பெருகுகிறது என்றதும், மேலே பள்ளிக்கூடம் என்றதும் புரிந்தது. அடுத்து, "நாய யன்ன புளுவன்" என்றார். யன்ன என்றால் போக, புளுவன் என்றால் முடியும். நாய் என்பதை மட்டும் பாவம் தமிழில் சொல்கிறார் என்று உருகிப்போனேன். வெள்ளத்தில் நாய் போய்விடுமாம். என்ன ஒரு இரக்கம்!

"ஓயாத் தண்ணி ஏறுதுங்க. பணிய லயத்து ஆளுங்க உடனே நாய்ங்கள மேல ஸ்கூலுக்குக் கொண்டுபோய்க் கட்டுங்க."

யாரும் குழம்பக் கூடாதென்று மூன்று தடவை சொன்னேன்.

எங்கள் சனம் சொன்னதைச் செய்கிற சனம். அரை மணி நேரத்தில் பள்ளிக்கூட வராந்தாவில் பதினொரு நாய்கள். கட்டிவிட்டு எல்லோரும் நனைந்துகொண்டே கீழே இறங்கி, தேத்தண்ணி போடப் போய்விட்டார்கள்.

கிராம சேவகர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வராந்தாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மினிஸ்ஸு கோ?"

மனிதர்கள் எங்கே என்கிறார். பாழாய்ப்போன இது மட்டும் சட்டென்று புரிந்தது. கீழே கை காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டைக் காட்டி, உள்ளங்கையைச் சரித்து இறக்கினார். நாய யன்ன என்றால் மண் சரிவதாம்.

கரண்டும் போயிருந்ததால் மைக் இல்லை. ஓடினேன், கடைசிப் படிகளைச் சேற்றில் உட்கார்ந்தபடியே இறங்கினேன். மேடு சரியப் போகிறது, எல்லோரும் மேலே போங்கள் என்று கத்தினேன். அக்கா கோப்பையும் கையுமாக வாசலுக்கு வந்தாள்.

"இப்பத்தானே போயிட்டு வந்தோம். இது என்ன, கோழிக்கா?"

லயமே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

"எனக்குச் சிங்களம் தெரியாதுக்கா. அவரு நாயின்னு சொல்லல, மண்ணு சரியும்னு சொல்லியிருக்காரு. நான் ஒரு மடையன். புள்ளைங்கள தூக்கிட்டு வாக்கா."

எனக்குச் சிங்களம் தெரியாது என்பதை ஊரே உடனே நம்பியது. அக்கா கோப்பையை வைத்துவிட்டுச் சின்னவனைத் தூக்கினாள். அவள் நடந்ததும் மற்றவர்களும் நடந்தார்கள்.

கடைசி ஆள் படியேறிக் கொஞ்ச நேரத்தில் மேடு இறங்கியது. அக்கா தேத்தண்ணி போட்ட குசினி இருந்த இடத்தில் ஒரு தேயிலைச் செடி நிமிர்ந்து நின்றது. முன்வாசலால் ஓயா வந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அன்று அந்த நாய்களோடு சேர்ந்து நானும் வராந்தா ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒழுங்காகச் சிங்களம் படித்தேன். மிஞ்சிய வீடுகளில் அக்காவும் மற்றவர்களும் இன்னும் இருக்கிறார்கள். (புது வீடு வரும் என்கிறார்கள். மழை அதற்கு முந்தி வந்துவிடுகிறது.) போன சித்திரையில் வானம் கறுத்தது, போன் வந்தது; ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு மைக்குக்கு ஓடினேன். வழியில் பார்த்தால், லயம் முழுவதும் ஏற்கனவே பள்ளிக்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறது. யார் சொன்னது என்று அக்காவைக் கேட்டேன்.

"நீ சொல்ற வரைக்கும் இருந்தா நாய் மட்டுந்தான்டா தப்பிக்கும்."