ராஜாமணி அக்கா எதற்கு அழுதார்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எடுத்த படம் நல்ல படம். கம்பெனியே கூடி உட்கார்ந்து அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது என்பது வேறு விஷயம். சிரித்தவர்களிடம் நான் எந்த மன்னிப்பும் கேட்பதாக இல்லை. நியாயமாகப் பார்த்தால் அவர்கள்தான் என்னிடம் கேட்க வேண்டும்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தொரு வயது. திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. நான் பிறந்த வருடம் ஆரம்பித்தது என்பதால் பனியனுக்கும் என் பெயரையே வைத்துவிட்டார்: ‘பூங்கொடி’. (கல்லூரியில் என்னைப் பார்த்ததும் தோழிகள் "தொண்ணூறு செ.மீ. இருக்குதா?" என்று கேட்பார்கள். நல்லவேளை, பெண்கள் கல்லூரி.)

பி.காம். முடித்ததும் கம்பெனிக்கு வரச் சொன்னார் அப்பா. மெட்ராஸ் போய் சினிமா டைரக்‌ஷன் படிக்கப் போகிறேன் என்றேன் நான். வீட்டில் ஒரு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. (நான் சாப்பிட்டேன்.)

அந்தக் காலத்தில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ‘தேன்மலைக் கரடி’ என்று ஒரு புத்தகம் கட்டாயம் இருக்கும். காட்டில் வழி தவறிய வள்ளி என்கிற சிறுமியை ஒரு கரடி முதுகில் சுமந்து, ஆற்றைக் கடந்து, ஊர் எல்லையில் கொண்டுவந்து விடும். ஊர்க்காரர்கள் தடியோடு ஓடிவருவார்கள். வள்ளி கூப்பிடக் கூப்பிடக் கரடி திரும்பிப் பார்க்காமல் போய்விடும். அந்தக் கடைசிப் பக்கத்தில் அழாத பிள்ளையே கிடையாது. எனக்குப் படித்துக் காட்டும்போது அப்பாவே அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார். "தூசி" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

"கரடிக் கதையப் படமா எடுக்கறனுங்கப்பா. நெசமான ஆளு, நெசமான தண்ணி. பாத்துப்போட்டு அப்பறம் சொல்லுங்க, நான் மெட்ராஸ் போறதா வேண்டாமான்னு."

அப்பா வியாபாரி. எதையும் சாம்பிள் பார்க்காமல் முடிவு செய்ய மாட்டார்.

"செரி கண்ணு. இது சாம்பிள் பீஸ். ஆயுத பூசையன்னிக்கு நம்ம கம்பெனியில போட்டுக் காட்டு. கடைசியில கரடி போறப்ப, கரடிக்காக ஒருத்தராச்சும் அழுகோணும். அழுதா மெட்ராசுக்கு டிக்கெட் நானே எடுத்துத் தாரேன். இல்லீன்னா மறுநாளே கட்டிங் டேபிளுக்கு வந்தரோணும்."

ஒருத்தர்தானே? எழுந்து நின்று சிரித்தேன். அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

கதை எழுதியவருக்குக் கடிதம் போட்டு அனுமதி கேட்டேன். பதில் கார்டு வந்தது. "தாராளமாக எடு அம்மா. ஒன்றே ஒன்று. கரடியைப் பார்த்து எந்தக் குழந்தையும் பயந்துவிடக் கூடாது." அந்த நிபந்தனையை நான் நூற்றுக்கு நூறு நிறைவேற்றினேன். என் எதிரிகள்கூட இதை மறுக்க மாட்டார்கள்.

வள்ளியாக என் சித்தப்பா மகள். கரடியாக எங்கள் கட்டிங் மாஸ்டர் பழனிசாமி. ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார்.

"ஏனுங்க அம்மணி, நானுங்களா கரடி?"

"உங்கள உட்டா வேற ஆருங்க மாஸ்டர்?"

"அதுஞ் செரிதானுங்க" என்று அவர் யோசிக்காமல் ஒப்புக்கொண்டது எனக்கே கொஞ்சம் வருத்தமாகப் போயிற்று. (மனிதர் அவ்வளவு மரியாதைக்காரர். அவர் உறுமினால்கூடக் கடைசியில் ஒரு ‘ங்க’ சேர்ந்து வருவது போலவே எனக்குக் கேட்கும்.)

கரடிக்குத் தோல் வேண்டுமே? அப்போது நாங்கள் எக்ஸ்போர்ட்காரர் ஒருவருக்குக் குளிர்காலச் சட்டைகள் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். சாயம் சரியில்லை என்று ஒதுக்கிய பிரவுன் துணி ஒரு மூட்டை மூலையில் கிடந்தது. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் பொசுபொசுவென்று ரோமம். சட்டையில் ரோமப் பக்கம் எப்போதும் உள்ளே போகும். போடுகிறவர்களுக்குக் கதகதப்பாக இருக்க வேண்டும் அல்லவா? கரடிக்கு ரோமம் வெளியே வேண்டும். ஆகவே துணியைப் புரட்டிப் போட்டுத் தைக்கச் சொன்னேன். இந்த யோசனை உதித்தபோது நான் என்னை மிகப் பெரிய டைரக்டர் என்று நினைத்துக்கொண்டேன்.

"துணிய ஒருக்கா நனைச்சுக் காய வெச்சு அப்பறமா வெட்டலாமுங்க அம்மணி" என்றார் மாஸ்டர். "இது சுருங்கற ஜாதி."

"அதுக்கெல்லாம் நேரமில்லீங்க மாஸ்டர்."

தன் பெயரில் பனியன் ஓடுகிற ஒருத்தி திருப்பூரில் நின்றுகொண்டு சொல்லக் கூடாத வார்த்தை அது. சொன்னேன். மாஸ்டர் தன் அளவுக்குத் தானே வெட்டினார். உடுப்பு ஒவ்வொரு மெஷினாகப் போய், கடைசியில் லேபிள் தைக்கும் ராஜாமணி அக்காவிடம் வந்தது. தலையைக் கழுத்தோடு மூட்டித் தரச் சொல்லிக் கொடுத்துவிட்டு, நான் கேமரா பிடிக்கிறவரைத் தேடிப் போய்விட்டேன்.

கேமரா பிடித்தவர் கல்யாண வீடியோ எடுக்கும் செல்வராஜ். பாவம், அவருக்குத் தெரிந்தது கல்யாணம் மட்டும்தான். காட்டில் தொலைந்துபோன வள்ளியைப் பார்த்து, "தலையக் கொஞ்சம் சாச்சுச் சிரி கண்ணு" என்றார். அவரோடு மல்லுக்கட்டியே என் தொண்டை கட்டிவிட்டது.

அவிநாசிபாளையம் பக்கத்தில் சொந்தக்காரர் தோட்டத்தை ஒட்டி ஓடிய வாய்க்கால்தான் எங்கள் ஆறு. முதல் நாள் ஆற்றைக் கடக்கும் காட்சி. மாஸ்டர் வள்ளியைச் சுமந்துகொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். ஏறும்போது கரடியின் பின்பக்கம் தண்ணீர் குடித்து முழங்கால் வரை தொங்கியது. சாயம் கரைந்து வாய்க்கால் காப்பி நிறத்தில் ஓடியது. கீழ்த்தோட்டத்துக்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏனுங்க, மேல ஆராச்சும் சாயப்பட்டறை போட்டுட்டீங்களா?"

"இல்லீங்க, கரடி" என்றேன். அவர் கரடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போனார்.

உடுப்பைத் தென்னைமரத்தடியில் இரண்டு நாள் காயப் போட்டோம். கடைசிக் காட்சி எடுக்கும் நாளில் மாஸ்டர் அதைப் போட்டால், கை முழங்கையோடு நின்றுவிட்டது. கால் முழங்காலோடு நின்றுவிட்டது.

"மூச்சு உட முடியலீங்க அம்மணி."

"பரவாயில்லீங்க மாஸ்டர். வள்ளியப் பிரியப் போற சோகத்துல கரடி எளைச்சுப் போச்சுன்னு ஜனங்க நெனச்சுக்குவாங்க."

"எளைச்சா தொளதொளன்னுதானுங்களே இருக்கோணும்?"

கரடி பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அதுவரை கரடியை முன்னாலிருந்தே எடுத்திருந்தோம். பின்னாலிருந்து எடுத்தது அந்தக் காட்சி ஒன்றைத்தான். வள்ளிக்கு அழுகை வர வேண்டுமே என்று நான் வெங்காயத்தை நறுக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கண்ணிலும் நீர் கொட்டியதில், போகிற கரடி எனக்கு ஒரு பிரவுன் மங்கலாகத்தான் தெரிந்தது.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து முடித்ததும், வாடகைக்கு எடுத்த பெரிய கலர் டிவிக்கு முன்னால் தொழிலாளர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்தார்கள். செல்வராஜ் கேசட்டோடு வந்து சேர்ந்ததே தேங்காய் உடைத்த பிறகுதான். முன்னதாகப் போட்டுப் பார்க்க நேரமே இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், முதல் அரை மணி நேரம் ஒரு பிள்ளை அசையவில்லை. கரடி வள்ளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியபோது, "பாவம், அதுக்குக் குளுருமுல்ல?" என்று ஒரு குழந்தையின் குரல் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்பா தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மெட்ராஸ் ரயிலில் ஜன்னல் சீட்டே கிடைத்துவிட்டது எனக்கு.

கடைசிக் காட்சி வந்தது. அரைக்கால் சட்டையில் கரடி நடந்தபோது ஒரு மூலையில் களுக்கென்று யாரோ சிரித்தார்கள். பொறுத்துக்கொண்டேன். வள்ளி கூப்பிட்டாள். கரடி திரும்பவில்லை. இந்த இடத்தில் செல்வராஜ், மணப்பெண் புகுந்த வீட்டுக்கு வண்டி ஏறும்போது செய்வாரே, அதைச் செய்தார். மெல்ல மெல்லக் கரடியின் பிடரிக்கு ஜூம் போனார். டிவி நிறைய, வெள்ளை வெளேரென்று, ஒரு லேபிள்.

*பூங்கொடி. 110 செ.மீ. சுருங்காது.*

அப்போதுதான் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அத்தனை பேரும் அதை எழுத்துக்கூட்டிச் சத்தம்போட்டு வாசித்தார்கள். அப்புறம் கூரை பறந்தது. பொரித்தட்டு கவிழ்ந்தது. கரடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நடந்தது இதுதான். லேபிள் எப்போதும் சட்டைக்கு உள்பக்கம். உள்பக்கம் என்றால் ரோமப் பக்கம். ராஜாமணி அக்காவின் கை அதை யாரையும் கேட்காமல் செய்துவிட்டது. கழுத்து வந்தால் லேபிள், ரோமம் தெரிந்தால் அந்தப் பக்கம். கரடியாவது மனுசனாவது!

நான் செல்வராஜின் சட்டையைப் பிடித்தேன். "எடுக்கறப்பத் தெரியலீங்களா?"

"தெரிஞ்சுதுங்களே! அய்யா பணம் போட்டிருக்காரு, கம்பெனி வெளம்பரம்னு நெனச்சனுங்க. பேரு நல்லாத் தெரியட்டும்னுதான் ஜூமே போட்டேன்."

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் பார்த்தேன். முதல் வரிசையில் ராஜாமணி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

"அப்பா! அங்க பாருங்க, ராஜாமணி அக்கா அழுகறாங்க! ஒருத்தராச்சும்னு சொன்னீங்கல்ல? நான் ஜெயிச்சுட்டேன்!"

அப்பா பார்த்தார். "அது லேபிளுக்கு அழுகறது கண்ணு. தப்பாத் தெச்சுப்போட்டமேன்னு பயந்துக்கிச்சு. கரடிக்கில்ல." அக்காவிடம் திரும்பி, "உடு ராஜாமணி, ஆரும் உன்னை ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க" என்றார். அக்கா தன் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். தீர்ப்பு முடிந்தது.

மறுநாள் கட்டிங் டேபிளில் நின்றேன். ஆத்திரத்தில் கண் எரிந்தது. தோற்றவள் மாதிரி நிற்கவில்லை, ஏமாற்றப்பட்டவள் மாதிரி நின்றேன். அப்புறம் அந்த வேலை பழகியது, பிடித்தும் போயிற்று. இன்று கம்பெனி என் பொறுப்பில்தான் ஓடுகிறது. ஆனால் பந்தயத்தில் தோற்றதாக ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பாவும் நானும் இதற்காகச் சண்டை போடுவோம். உறவுக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். எங்கள் வீட்டில் யார் அழுதாலும் முதல் கேள்வி, "லேபிளுக்கா, கரடிக்கா?" என் கல்யாணத்தில் நான் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதபோதும் அவர் என் காதில் அதைத்தான் கேட்டார். (கரடிக்குத்தான் என்றேன்.)

போன வருடம் ராஜாமணி அக்காவின் மகள் புது வீடு கட்டிக் குடிபோனாள். அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். பந்தியில் பேச்சு வழக்கம்போலக் கரடிக்கு வந்தது. லேபிள் என்றார் அப்பா. கரடி என்றேன் நான். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த அக்கா நின்றார்.

"லேபிளுக்கு எதுக்குங்க நான் அழுகறேன்? அந்தச் சீவன் பாட்டுக்குத் திரும்பிக்கூடப் பாக்காமப் போகுது, எல்லாரும் கெக்கேபிக்கேன்னு சிரிக்கறீங்க. எனக்கு நெஞ்சு தாங்குலீங்க. கரடிக்குத்தானுங்க அழுதேன்."

அப்பாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"இத்தன வருசமா ஏன் ராஜாமணி சொல்லுல?"

"ஆருங்க கேட்டீங்க? அப்பனும் மகளுமா நீங்களேதான பேசிட்டிருந்தீங்க."

எனக்கு உடம்பு கூசிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல், அந்த அம்மாள் எனக்கு நாலு மெஷின் தள்ளி உட்கார்ந்து லேபிள் தைத்துக்கொண்டிருந்தார். அவர் எதற்கு அழுதார் என்று ஊரையே கூட்டிச் சண்டை போட்ட நான், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் நான் மன்னிப்புக் கேட்டேன். அங்கேயே, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

கேட்டு முடித்ததும் அப்பா பக்கம் திரும்பினேன். "டிக்கெட் எடுங்கப்பா."

"இத்தன வருசங் கழிச்சு வந்த சரக்க எந்த பார்ட்டி எடுப்பான் கண்ணு?"

"சரக்கு அன்னிக்கே ரெடிங்கப்பா. உங்க செக்கிங்தான் லேட்டு."

பேரன் போனில் அப்பா டிக்கெட் போட்டார். போனேன். மூன்று மாத வகுப்பு. என் மகன் வயதுப் பிள்ளைகள் முப்பது பேர், நடுவில் நான். முதல் நாள் ஒவ்வொருவரையும் எழுப்பி, இதற்கு முன் ஏதாவது படம் எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

"ஒரே ஒரு படம்" என்றேன். "குழந்தைகள் படம். முடிவுல அழுகை வந்துரும்."