கருவாட்டு எம்.பி.யின் பங்கு

இந்த நாட்டில் எத்தனையோ எம்.பி.மார் இருந்திருக்கிறார்கள். வாசலுக்கு வருமுன்பே மணத்தால் தெரிந்துவிடுகிற எம்.பி. எங்கள் கண்டக்குழிக்காரர் ஒருவர்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவருடைய பெண்சாதியே கொஞ்சம் யோசிப்பார். கருவாட்டு எம்.பி. என்றால் பக்கத்து ஊர் எத்தாளையில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

எம்.பி. ஆவதற்கு முன் அவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். பழுதான எஞ்சினோடு நியாயம் பேசுவார். அது கேட்காவிட்டால் கோபித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். தேர்தலில் நிற்கப்போவதாக அவர் வந்து சொன்னபோது நான் கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தேன்.

“செலவுக்கு என்ன செய்யப் போற, தம்பி?”

“ஒரு முதலாளிட காசும் வேணாம், ராத்தா. கரைவலை இழுக்கிற மாதிரித்தான். ஊரே கயிறு புடிக்கட்டும்.”

எங்கள் கரையில் வலை இழுக்கும்போது வழியில் போகிறவரும் கயிற்றைப் பிடிக்கலாம். பிடித்தவருக்கு மீனில் பங்கு உண்டு. பிடிக்காதவர் வலைக்காரரின் மருமகன் என்றாலும் வெறுங்கைதான். வலை எங்கள் குடும்பத்துடையது. என் கணவர் மவுத்தான பிறகு பங்கு பிரிப்பவள் நான். என் கைப்பங்கில் குறை சொன்னவர் இன்னும் பிறக்கவில்லை.

ஊரும் கயிறு பிடித்தது. வீட்டுக்கொரு பொதி கருவாடு அவருக்குக் கொடுத்தோம். அதை விற்றுப் போஸ்டர் அடித்தார், வேனுக்கு டீசல் ஊற்றினார். விற்காதது வேனுக்குள்ளேயே அவரோடு ஊர்வலம் வந்தது. மற்றக் கட்சிக்காரர் பஸ் பிடித்துக் கூட்டம் சேர்த்தார்கள். இவருடைய கூட்டத்துக்குப் பூனைகள் தாமாகவே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தன. இருந்தும் வென்றார்.

வென்ற மறுநாளே கருவாடு கொடுத்தவர்களெல்லாம் அவர் வாசலில் நின்றோம். நானும்தான் நின்றேன்.

“கயிறு புடிச்சமே, பங்கு எங்க?”

அவரிடம் இருந்தது அரசாங்க வாகனம் ஒன்றுதான். அதைப் பங்கு பிரித்துவிட்டார். அதில் பிள்ளைத்தாய்ச்சிகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், மாப்பிள்ளைகள் கலியாணத்துக்குப் போனார்கள், ஒரு கிடாய் ஆடு குர்பானுக்குப் போனது. எம்.பி. மட்டும் பஸ்ஸில் நின்றுகொண்டு கொழும்புக்குப் போனார்.

பாராளுமன்றத்தில் எதைப் பேசச் சொன்னாலும் பேச்சு கடற்கரைக்கே வந்துவிடும். ரயில் பற்றிய விவாதத்தில் எழும்பி ஐஸ் தொழிற்சாலை கேட்டார். ரயிலுக்கும் ஐசுக்கும் என்ன சம்பந்தம் என்று சபையில் யாரோ கேட்டார்கள்.

“ரயில் புத்தளத்தோட நிண்டிடும். எங்கட பக்கம் வராது. ஐசாவது வரட்டுமே.”

டி.வி.யில் இதைப் பார்த்து நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். ஆனால் ஐஸ் வந்தது. இன்றைக்கும் எங்கள் மீன் கெடாமல் கிடக்கிறது என்றால் அந்த ஒரு பேச்சுத்தான்.

சிரிக்க முடியாத நாளும் வந்தது. கரையில் விடுதி கட்டியிருந்த முதலாளி ஒருவர், எங்கள் வலை கரையேறுகிற இடத்தை வளைத்து வேலிக்கட்டை நட்டார். அந்த இடம் போனால் வலையை மடித்து அலுமாரியில் வைக்க வேண்டியதுதான்.

முதலாளி துணிந்ததற்குக் காரணம் இருந்தது. காசு கொடுத்தால் இவர் வாங்கமாட்டார் என்று தெரிந்து, தேர்தல் நேரம் லொறியும் லவுட்ஸ்பீக்கரும் அனுப்பியிருந்தார். ஓடுகிற எஞ்சினைத் திருப்பி அனுப்ப மனம் வராமல் நம்மவர் வைத்துக்கொண்டார். நான் நேரே போய்க் கேட்டேன்.

“நீ எங்கட ஆளா, லொறிக்காரர்ட ஆளா?”

“நாளைக்குக் கடல்ல வலைய வளைங்க, ராத்தா. நான் வாறன்.”

வந்தார். பாராளுமன்றத்துக்குப் போகும் வெள்ளைச் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். முதலாளியும் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றார்.

“நானும் உங்கட வெற்றிக்குப் பங்காளிதானே, எம்.பி.? என் பங்கு இந்த இடம்தான்.”

“பங்கு இல்லண்டு ஆர் சொன்ன? கட்டாயம் தருவம். வந்து கயிற்றப் புடிங்க.”

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மனிதருக்கு மறுக்க முடியவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பிடித்தார். அலை ஒன்று வந்து இழுக்க, மணலில் உட்கார்ந்துவிட்டார். கயிற்றை மட்டும் விடவில்லை; அதையும் சொல்ல வேண்டும். வலை கரையேறியது. எம்.பி. என்னைப் பார்த்தார். நான் எல்லோருக்கும் போலவே ஒரு பங்கு சூடை மீனைப் பையில் போட்டு முதலாளியிடம் நீட்டினேன்.

“இதுதான் உங்கட பங்கு, முதலாளி. கணக்குத் தீர்ந்திச்சி” என்றார் எம்.பி.

முதலாளி பையைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். கடைசியில் சிரித்துவிட்டார். அந்தக் கிழமையே கட்டைகள் போயின. இப்போது அவருடைய விடுதிக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் எங்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு பங்குக்கும் வரிசையில் நிற்கிறார்கள்.

முதலாளி சிரித்தது சிரித்ததுதான், அடுத்த தேர்தலில் லொறியெல்லாம் வேறொருவருக்குப் போனது. நம்மவர் தோற்றார். மறுநாள் காலை கையில் எண்ணெய்க் கறையோடு வந்து, ஒன்றும் நடக்காதது போலக் கயிற்றின் கடைசியில் நின்றார். எம்.பி.யாக இருந்த காலத்தில் ஒருநாளும் பங்கு மீன் வாங்கியதில்லை. அன்றுதான் பையை நீட்டினார்.

“இப்ப எடுக்கலாம்தானே, ராத்தா?”

இன்றும் வருகிறார். பங்கு பிரிக்கும்போது எல்லோருக்கும் என் கை ஒரே அளவுதான். அவருடைய பைக்கு மட்டும் ஒரு மீன் கூடுதலாக விழுந்துவிடும். யாராவது கேட்டால், வயது போய்விட்டது, கை நடுங்குகிறது என்பேன்.