தங்கம் அரிக்க ஒரு சட்டி

இனி நகைக்கடை வாசலை மிதிப்பதில்லை என்று இளஞ்செழியன் சபதம் எடுத்தது ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான். அன்று காலையில் திருவையாற்றுப் படித்துறையில் தாலிக்கயிறு மாற்றும்போது, மனைவி அனுராதாவின் தாலிக் குண்டு ஒன்று நழுவிவிட்டது. புதுசு வேண்டும் என்றாள். தங்கம் விற்கிற விலையில் மனுஷனுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

"காவேரியிலதானே கிடக்கு? மண்ணை அரிச்சு எடுத்துடறேன்."

"எதுல அரிப்பீங்க?"

அங்கேதான் சிக்கல். சாந்துச் சட்டி கனம். சாப்பாட்டுத் தட்டு வழவழப்பு. சல்லடையில் குண்டே விழுந்துவிடும். போனில் தேடித் தேடிக் கண் பூத்துப்போய், உள்ளே வரிவரியாகப் படி வைத்த பச்சை பிளாஸ்டிக் சட்டி ஒன்றை வரவழைத்தார். மண் வெளியே போகுமாம். பொன் வரியில் தங்குமாம்.

அனுராதா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அரிசியில கல் அரிக்கிற நம்ம அரிக்கன் சட்டியிலயும் இதே வரிதாங்க இருக்கு."

"அது அடுப்படிச் சாமான். இது வெளிநாட்டு டெக்னிக்! இதுல தங்கம் வரலேன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

"சரிங்க. படித்துறை வழுக்கும், பார்த்து."

தினமும் முழங்கால் தண்ணீரில் நின்று அரித்தார். காதோலை வந்தது, கருகமணி வந்தது, கோபக்கார நண்டு ஒன்றும் வந்தது. குளிக்க வந்த பக்கத்து வீட்டுப் பிரகதாம்பாள், "மீன் கிடைச்சா எங்களுக்கும் குடுங்க" என்றாள். மானம் போயிற்று.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாதே! ரகசியமாகத் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினார். தாலிச் சமாசாரம், கவரிங் வாங்க மனசு கேட்கவில்லை. அதே அளவில் அசல் தங்கக் குண்டாகவே வாங்கி, ஈர மண்ணில் வைத்துச் சட்டியோடு வீட்டுக்கு வந்தார்.

"அனுராதா! சட்டி ஜெயிச்சிடுச்சு!"

அவள் குண்டை எடுத்தாள். நகைக்கடை ரோஸ் காகிதத் துணுக்கு ஒன்று அதில் ஒட்டியிருந்தது. நகத்தால் மெல்லச் சுண்டிவிட்டு, குண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இளஞ்செழியனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"என் குண்டு அன்னிக்கே முந்தானை மடிப்புல கிடைச்சிடுச்சுங்க. ஆசையா சட்டி தேடுறீங்களேன்னு சொல்லல. இது காவேரித்தாய் நம்ம பொண்ணு ஜெயபாரதி கல்யாணத்துக்குக் குடுத்தது."

உண்மையைச் சொன்னால் சட்டி தோற்றுவிடும். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஆனா, குண்டு ஜோடியாத்தானே கோக்கணும்? நாளைக்கும் சட்டிய எடுத்துக்கிட்டுப் போங்க."