கான்கிரீட்டை யார் நிறுத்தச் சொல்வது?

அன்பு மகள் சைதன்யாவுக்கு அப்பா சென்னகிருஷ்ணன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். பெங்களூரில் நீயும் மாப்பிள்ளையும் ஹர்ஷிணிக் குட்டியும் நலமாயிருக்க வேண்டும். உன் வீட்டு அஸ்திவாரத்துக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை.

போனில் சொன்னால் கத்துவாய், அதனால் எழுதுகிறேன். திங்கட்கிழமை கணபதி ஏரியாவில் உன் மனையில் கான்கிரீட் போட்டோம். பாதியிலேயே மருதமலைப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. மேஸ்திரி அரங்கசாமி என்னிடம், "நிறுத்திப்போடலாமுங்களா?" என்றார். இன்ஜினியர் நிற்கும்போது நான் சொல்வது மரியாதையா? "தம்பி சொன்னாச் சரிங்க" என்றேன். இன்ஜினியர் அஃபான், "மேஸ்திரி அனுபவசாலிங்க, அவரே சொல்லட்டுமுங்க" என்றார். மேஸ்திரி, "ஊட்டுக்காரங்க வாயில வரோணுமுங்க" என்று மறுபடி என்னிடமே தள்ளினார். இதற்குள் மிக்ஸர் அதுபாட்டுக்குச் சுற்றி, குழியெல்லாம் நிரம்பி, மழையும் கொட்டித் தீர்த்துவிட்டது. மூடலாமென்றால் நம் தார்ப்பாய் எதிர்வீட்டு ரசாக் பாயிடம். கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வருமா? அம்மாவின் புது சென்னிமலை பெட்ஷீட்டை எடுத்துப்போய் விரித்தேன். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. சிவப்புக் கட்டம் போட்ட அஸ்திவாரம் கோயமுத்தூரிலேயே நமக்குத்தான்.

சிமெண்ட் பால் முழுக்கச் சாக்கடைக்குப் போய், மேலே ஜல்லி பல்லை இளிக்கிறது. விரலால் சுரண்டினால் மணலாக உதிருது கண்ணு. அதன்மேல் நீங்கள் குடியிருக்கணும், ஹர்ஷிணி ஓடி விளையாடணும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். ஆனால் அத்தனை பாடுபட்ட மனிதரிடம் எப்படிச் சொல்வது? காலையில் மூவரும் குழியைச் சுற்றி நின்று, "பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனோம். நீயே போன் பண்ணி மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. நான் சொல்லச் சொன்னதாகச் சொல்லாதே. இதற்காக லீவு போட்டெல்லாம் வர வேண்டாம்.

முருகன் உங்கள் மூவரையும் நோய்நொடி அண்டாமல் வைக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் வணக்கம், குட்டிக்கு முத்தம்.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அம்மா படித்துவிட்டாள். நேரே மனைக்குப் போய், "ஏனுங் மேஸ்திரி, இத ஒடச்சுப்போடுங்க" என்றாள். "அதத்தானுங்கம்மா நானும் நெனச்சிட்டிருந்தேன்!" என்று அவர் கடப்பாரையை எடுத்தார். அஃபான் கும்பிடாத குறை. ஆகவே நீ போன் பண்ண வேண்டாம். வெள்ளிக்கிழமை மறுபடி கான்கிரீட். லீவு போட வேண்டாம் என்று எழுதியது சும்மா மரியாதைக்கு. உன்னைப் பார்க்கணும் போல இருக்கு. கிளம்பி வா கண்ணு.