நாக்கைச் சுருட்டினால் அப்பன் தெரியும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் தாராவிச் சாமிகளுக்கெல்லாம் வியாபாரம் மந்தம். ஜனம் மொத்தமும் வானமாமலையின் அறைக்கு முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அவர் விஞ்ஞான ஜோசியர். மெட்ரிக்கில் இரண்டு முறை தோற்றவர்தான். ஆனால் அந்த வகுப்பின் உயிரியல் புத்தகம் அவரிடம் இருந்தது. இங்கிலீஷ் புத்தகம். அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்திருந்தார். ஒருவருக்கும் படிக்கத் தெரியாததால் அதன் மகிமை நாளுக்கு நாள் வளர்ந்தது.

நாக்கின் ஓரங்களை மடித்துக் குழலாக்கும் திறமை பெற்றோர் வழியாகத்தான் வருமென்று அதில் அச்சடித்திருந்தது. அப்பன் ஆத்தாள் இருவருக்கும் வராவிட்டால் பிள்ளைக்கும் வராது. அப்படி வராத பிள்ளை சுத்த ரத்தம் என்பது வானமாமலையின் கணக்கு. பிள்ளைக்கு மட்டும் வந்துவிட்டால் பெற்றவளைப் பார்த்து ஒருமுறை இருமுவார். பிறகு தாயத்து விற்பார்.

ஆறுமுகத்தாயின் மூன்று வயது மகன் நாக்கை அழகாகக் குழலாக்கினான். அவளுக்கு வரவில்லை. தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் புருஷன் கணேசபாண்டியனுக்கும் வரவில்லை. வானமாமலை அவளைப் பார்த்து இருமினார். அன்றிலிருந்து கணேசபாண்டியன் பிள்ளையைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரையும் ஊருக்கு அனுப்பிவிடுவதென்று முடிவும் செய்துவிட்டான். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆறு வருஷம் கூட வாழ்ந்தவளை விட்டுவிட்டு எவனோ சொன்னதை நம்புகிறானே!

குழாயடியில் பக்கத்து அறை சைனப்பின் இரட்டைப் பையன்கள் ஒருவருக்கொருவர் பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அச்சு அசல் ஒரே முகம். பெற்றவளே அடையாளத்துக்கு ஒருவன் கையில் கயிறு கட்டியிருந்தாள். ஆனால் ஒருவன் நாக்கு சுருண்டது, மற்றவனுக்குச் சுருளவில்லை. ஆறுமுகத்தாய் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சைனப்பிடம் பேசினாள். சைனப் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள்.

சனிக்கிழமை மாலை, நல்ல கூட்டம். ஆறுமுகத்தாய் புருஷனை இழுத்து வந்து முன்னால் நிறுத்தினாள். சைனப்பும் அவள் புருஷன் சலாவுதீனும் ஒரு பையனோடு வந்தார்கள். பெற்றோர் நாக்கு சுருளவில்லை. பையன் நாக்கு சுருண்டது. வானமாமலை இருமினார். இது வேறு ரத்தம், அப்பன் வேறு ஆள் என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆறுமுகத்தாய் வாசலில் நின்ற இரட்டையரில் மற்றவனைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினாள். நாக்கை நீட்டினான். சுருளவில்லை.

"அண்ணாச்சி, ரெண்டும் ஒரே வயித்துல ஒரே நாள்ல பொறந்தது. ஒருத்தனுக்கு இவரு அப்பன், ஒருத்தனுக்கு வேற ஆளுன்னு ஒம்ம பொஸ்தகம் சொல்லுதா?"

வானமாமலை அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினார். அச்சில் போட்டிருக்கிறது என்று முனகினார்.

"அச்சுல போட்டவனும் மனுசன்தான. இந்தப் புள்ளையள அவன் பாத்தானா?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் அறையின் தகரம் அதிர்ந்தது. கழுத்துகளிலிருந்து அறுபட்ட தாயத்துகள் வானமாமலையின் மடியில் வந்து விழுந்தன.

கணேசபாண்டியன் தலையைக் குனிந்துகொண்டு மகனைத் தூக்கினான். வீட்டுக்குப் போகலாம் என்றான். ஆறுமுகத்தாய் நகரவில்லை.

"நாக்கைச் சுருட்ட ஒங்களுக்கு வராது, அது போவட்டும். யோசிக்கவுமா வராது?"